கரைந்துபோன சாரமும் கரடியாரின் முத்திரையும்

ஒரு காட்டில், அதாவது மனுப் போட்டால் மூன்று மழை கழித்துப் பதில் வரும் காட்டில், துள்ளன் என்றொரு முயல் இருந்தது. பெயர்தான் துள்ளன். பின்னங்கால் தொடைச் சதையை நரி கவ்விக்கொண்டு போனதிலிருந்து நடப்பதே பெரும்பாடு. புல்வெளிக்குள் போக ‘ஓடத் தகுதியானவர்’ என்று சான்றிதழ் வேண்டும். அது இல்லாததால் பாவம், சருகைத் தின்று காலம் தள்ளியது.

சிலந்தியக்கா மனமிரங்கினாள். கட்டிடத்துக்குச் சாரம் கட்டுவதுபோல், சதை வளர மெல்லிய நூல்சாரம் ஒன்று நெய்தாள். லேசர் படித்த மின்மினி அதன்மேல் ஒளியால் நேர்நேராகக் கோடு கீறியது. துள்ளனின் நல்ல காலிலிருந்து எடுத்த தசைச் செல்களை அதில் விதைத்து, காயத்துக்குள் வைத்துத் தைத்தாள்.

“செல்லெல்லாம் கோடு பிடிச்சு வரிசையா வளரும் தம்பி. வளர்ந்ததும் சாரம் தானா கரைஞ்சிடும்.”

அப்படியே நடந்தது. மூன்றே மாதத்தில் துள்ளன் புதரைத் தாண்டியது. சந்தோஷத்தில் அதற்கு அழுகையே வந்துவிட்டது.

சான்றிதழ் அதிகாரி கரடியார் படிவத்தைப் புரட்டினார். “சாரம் வச்சதா எழுதியிருக்கே, எங்கே அது?”

“கரைஞ்சு போச்சுங்க ஐயா.”

“காட்டுச் சொத்து கரைஞ்சு போச்சா?”

“கரையறதுதாங்க அதோட வேலை.”

“வேலை முடிஞ்சா கையெழுத்துப் போட்டுட்டுப் போகணும். கரையக் கூடாது.”

துள்ளன் மேசையையே தாண்டிக் குதித்துக் காட்டியது. கரடியார் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. குதிப்பதற்குப் படிவத்தில் இடமில்லை.

வரிசையில் அடுத்து நின்றது ஓர் ஆடு. ஒடிந்த காலில் நான்கு வருடமாக மூங்கில் பத்தை வைத்துக் கட்டி நொண்டுகிறது. கரடியார் பத்தையைத் தட்டிப் பார்த்தார்; உடனே முத்திரை குத்தினார்.

துள்ளனுக்கு விஷயம் பிடிபட்டது. மறுநாள் குணமான காலில் ஒரு பத்தையை இறுகக் கட்டிக்கொண்டு நொண்டி வந்தது.

“இப்படி வர்றதுக்கென்ன?” என்று கரடியார் முத்திரை குத்தினார். “கழற்றினா சான்றிதழ் செல்லாது, பாத்துக்க.”

புல்வெளியில் முதல் வாய் புல்லைக் கடிக்கும்போது எதிரே அதே நரி. பத்தையை அவிழ்த்தால் ஓடலாம். அவிழ்த்தால் புல் போச்சு. துள்ளன் யோசித்துவிட்டுச் சான்றிதழை நீட்டியது.

நரி அதை ஒரு வரி விடாமல் படித்தது. “ஓடத் தகுதியானவரா! ரொம்பச் சந்தோஷம் தம்பி,” என்று சொல்லிவிட்டு மற்றத் தொடையைக் கவ்விக்கொண்டு போனது.

ஊர்ந்து வந்த துள்ளனைப் பார்த்துச் சிலந்தியக்கா எட்டுக் காலாலும் தலையில் அடித்துக்கொண்டாள். “மறுபடி நெய்யட்டுமா?”

“நெய்ங்கக்கா. சதை வளராட்டியும் பரவாயில்ல, கரையாத நூலாப் பாத்து நெய்ங்க.”

நீதி: குணமாவது உடம்பின் பாடு, குணமானதை நிரூபிக்க நன்றாக நொண்டத் தெரிய வேண்டும்.