பஸ்ஸில் ஒட்டிய அத்தான்

அன்பும் மரியாதையும் என்றும் மாறாத அத்தான் அவர்களுக்கு, உங்கள் மைத்துனன் வணங்கி எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். மனசாட்சி விடவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, அவ்வளவுதான். அங்கே நீங்களும் அக்காவும் நலமா என்று கேட்கிற யோக்கியதையும் எனக்கு இல்லை. போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. அக்கா எடுத்தால், "அவர் குளிக்கிறார்டா" என்கிறாள். ஒரு மனிதர் இரண்டு மாதமாகக் குளித்துக்கொண்டே இருக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் கடிதம். கடிதம் வந்திருக்கிறது என்று யாரும் குளிக்கப் போக முடியாது.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். ஆனாலும் இதை நீங்கள் அக்காவுக்குப் படித்துக் காட்டுவீர்கள், அவளோ நான் இன்னும் கல்யாண வீடுகளில் போட்டோ எடுப்பதாகத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்பதால் சொல்கிறேன். தக்காளி, ஸ்டேப்லர், குலுக்குகிற இரண்டு கைகள், ஆளில்லாத படிக்கட்டு என்று எதையாவது படம் எடுத்து ஏஜென்சிக்கு அனுப்புவேன். பிடித்தால் அவர்கள் இன்டர்நெட்டில் இருக்கிற தங்கள் கடையில் வைப்பார்கள். யாருக்கு வேண்டுமானாலும், எதற்கு வேண்டுமானாலும் விற்பார்கள். யார் வாங்கினார், எதற்கு வாங்கினார் என்று எடுத்தவனிடம் மூச்சு விட மாட்டார்கள். பிடிக்காவிட்டால் ஒரு வரி வரும்: "இப்படத்துக்கு வணிக மதிப்பு இல்லை." அந்த வரியை நான் வாங்கிக் கட்டிக்கொண்ட அளவுக்கு வேறு எவனும் வாங்கியிருக்க மாட்டான். உங்கள் தங்கச்சி, அதாவது என் வீட்டுக்காரி, கத்தியை எடுப்பதற்கு முன்னால், "இது வேலை முடிஞ்ச தக்காளியா, இன்னும் வேலை பாக்குற தக்காளியா?" என்று கேட்டுவிட்டுத்தான் நறுக்குகிறாள்.

இதை ஒரு தொழில் என்று மதித்த ஒரே ஆள் நீங்கள்தான் அத்தான். அதை நினைத்தால்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை. போன வருஷம் ஏஜென்சி என் படிக்கட்டுகளையெல்லாம் மொத்தமாகத் திருப்பி அனுப்பி, "மனிதர்கள் உள்ள படங்களை முயன்று பாருங்கள்" என்று புத்தி சொன்னபோது, மனிதர்களுக்கு நான் எங்கே போவேன் என்று மாடியறையில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தேன். நீங்கள்தான், "நான் வந்து உக்காந்தா ஏதாவது உபயோகமா இருக்குமா மாப்ளே?" என்று கேட்டீர்கள். கேட்டதோடு நிற்காமல், மூச்சை உள்ளே இழுத்தால் மட்டும் பட்டன் போடக்கூடிய அந்தப் பழைய கோட்டையும் எடுத்துக்கொண்டு, கடைக்காரர்களின் கணக்குக் கட்டுகளை அக்குளில் இடுக்கியபடி வேலைக்கு நடுவில் மாடியேறி வந்தீர்கள். படத்தை யாருக்கும் விற்கலாம் என்ற ஒப்புதல் தாளை நீட்டியபோது, "கையெழுத்துதானே, நாள் பூரா போடுறேன்" என்று படிக்காமலே போட்டுக் கொடுத்தீர்கள். வெற்றி பெற்ற மேலாளர் மாதிரி சிரியுங்கள் என்றேன், சிரித்தீர்கள். பல்லுத் தெரியாமல் சிரியுங்கள் அத்தான், பல்லுத் தெரிந்தால் இயல்பாக இருக்காது என்றேன், அதையும் செய்தீர்கள். நாற்பது படம் எடுத்தேன். விளக்குச் சூட்டில் கடைசியில் உங்களால் முடியவில்லை. கோட்டின் பட்டனைக் கழற்றிவிட்டு, முழங்கைகளைக் கணக்குக் கட்டின்மேல் ஊன்றி, நெற்றியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "முடிஞ்சுதாப்பா?" என்று கேட்டீர்கள். முடிந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். பாழாய்ப்போன கை சும்மா இருக்காமல் இன்னொன்று தட்டிவிட்டது.

எல்லாவற்றையும் ஒன்றாக அனுப்பினேன். நீங்கள் வருவதற்கு முன்னால் வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று பார்க்க, அதே நாற்காலியில் நானே உட்கார்ந்து, முப்பத்திரண்டு பல்லும் தெரியக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி எடுத்த ஒரு படமும் கவனிக்காமல் அதோடு போய்விட்டது. உங்கள் நாற்பது சிரிப்பும் திரும்பி வந்தன. "இயல்பாக இல்லை" என்று காரணம் எழுதியிருந்தார்கள். என்னுடைய அசட்டுச் சிரிப்பை மட்டும் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொண்டார்கள். அதை இன்றுவரை ஒருவரும் வாங்கவில்லை, அது வேறு விஷயம். அதோடு நெற்றியைப் பிடித்த உங்கள் படத்தையும் எடுத்துக்கொண்டார்கள். படத்தைத் தேடுகிறவர்களுக்கு அகப்படுவதற்காகச் சில சொற்கள் கொடுக்க வேண்டும். கணக்காளர், அலுவலகம், களைப்பு என்று நான் யோக்கியமாகத்தான் கொடுத்தேன். ஏஜென்சியின் இயந்திரம், "உங்களுக்கு உதவியாக இன்னும் சில சொற்கள்" என்று ஒரு நீளமான வரிசையைக் காட்டி, "எல்லாவற்றையும் ஏற்கிறேன்" என்று கீழே ஒரு பொத்தானும் வைத்திருந்தது. அடுப்பில் பால் பொங்குகிறது என்று உங்கள் தங்கச்சி கீழேயிருந்து கூப்பிட்ட அவசரத்தில் அதை அமுக்கிவிட்டு ஓடினேன். கடன், திவால், தோல்வி, அவமானம், இனி வழியில்லை. இவ்வளவும் அந்த வரிசையில் இருந்ததை அப்புறம்தான் பார்த்தேன்.

மற்றது ஊருக்கே தெரியும். கடனை அடைக்கக் கடன் கொடுக்கிற ஏதோ கம்பெனிக்காரர்கள் பஸ்ஸின் நீளத்துக்கு உங்களை ஒட்டி, "கடன் கழுத்தை நெரிக்கிறதா?" என்று தலைக்குமேல் எழுதிவிட்டார்கள். பத்துக் கடைக்குக் கணக்கு எழுதுகிற மனிதரை. மருந்துக் கடை அம்மாள் கணக்கு நோட்டுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டதும், டயர் கடைக்காரர் முகத்துக்கு நேராக, "உங்க கணக்கே இந்த நிலைமைன்னா எங்க கணக்கு என்னங்க ஆகும்?" என்று கேட்டதும் அக்கா சொல்லித் தெரியும். நீங்கள் பெரிய சாலையை விட்டுவிட்டுப் பின்சந்து வழியாகப் போய்வருவதும் தெரியும். அந்தப் படத்துக்காக எனக்கு என்ன கிடைத்தது என்று சொன்னால் உங்கள் கோபம் இரண்டு மடங்காகும். சொல்லவில்லை. ஆனால் அதை நான் விற்கவில்லை அத்தான், அது மட்டும் சத்தியம். அது விற்றதே எனக்கு நீங்கள் பஸ்ஸில் வந்தபிறகுதான் தெரியும்.

உடனே ஏஜென்சிக்கு எழுதினேன். "மதிப்புமிக்க பங்களிப்பாளரே, உங்கள் மகிழ்ச்சியே எங்கள் மகிழ்ச்சி. உங்கள் படங்கள் மேலும் விற்பதற்கு வழிகள் இதோ" என்று பதில் வந்தது. ஐயா, விற்க வேண்டாம், அந்தப் படத்தைக் கடையிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று மறுபடி எழுதினேன். படத்தில் இருப்பவரே கேட்க வேண்டும், அவர்தான் இவர் என்பதற்கு அடையாளமாக அவருடைய வேறொரு முகப்படம் வேண்டும் என்றார்கள். என்னிடம்தான் நாற்பது இருக்கின்றனவே என்று உங்கள் சார்பில் அவற்றில் நல்லதாக ஒன்றை அனுப்பினேன். மறுநாளே பதில். "இப்படம் ஏற்கப்படவில்லை. காரணம்: இயல்பாக இல்லை." உங்கள் முகம் உங்கள் முகம்தான் என்பதற்கு உங்கள் முகத்தைக் காட்டினால், அது இயல்பாக இல்லை என்கிறவனிடம் நான் என்ன பேசுவது, சொல்லுங்கள். மண்டை காய்ந்துபோய், அங்கே மனுஷன் யாராவது இருக்கிறீர்களா என்று ஒரே ஒரு வரி எழுதிப் போட்டேன். "ஆம், உங்கள் வெற்றித் துணைவர் நான்" என்று பதில் வந்தது. பேர் இல்லை. நான் கேட்டதற்குப் பதிலும் இல்லை. அதற்கு நடுவில், "இந்த ஆண்டின் உங்கள் சிறந்த படம்" என்று நீங்கள் நெற்றியைப் பிடித்திருக்கிற படத்தைச் சுற்றி நட்சத்திரமும் கலர் காகிதமும் பறக்கவிட்டு வாழ்த்து வேறு அனுப்பினார்கள். அதைப் பார்த்து உங்கள் தங்கச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். அழுதாளா சிரித்தாளா என்று நான் கேட்கவில்லை.

முந்தாநாள் ஒரு முடிவுக்கு வந்தேன். ஒரு படத்தைத்தானே நீக்க மாட்டேன் என்கிறார்கள், ஏஜென்சியில் என் கணக்கையே மூடிவிட்டால் எல்லாமே போய்த்தானே ஆக வேண்டும். உங்கள் தங்கச்சியிடம் கேட்டேன். "இத்தனை வருஷ வேலைங்க. நல்லா யோசிச்சுக்கோங்க" என்றாள். அப்புறம் அவளே, "அண்ணன் இந்த வீட்டுப் படியேறி எவ்வளவு நாளாச்சு?" என்றாள். போய் மூடினேன். "போகிறீர்களா? வருந்துகிறோம்" என்று கேட்டார்கள். இத்தனை வருஷத்தில் அவர்கள் எனக்காக வருந்தியது அந்த ஒரு தடவைதான். ஓரத்தில், "வாழ்த்துகள், இன்று உங்கள் படம் ஒன்று விற்றுள்ளது" என்றும் இருந்தது. ஏதோ தக்காளியாக இருக்கும், போய்த் தொலையட்டும் என்று திறந்துகூடப் பார்க்கவில்லை. அமுக்கினேன். நான் நின்று, படுத்து, ஸ்டூல்மேல் ஏறி எடுத்த அத்தனையும் கண் இமைக்கிற நேரத்தில் காணாமல் போயின. தக்காளி போனது. படிக்கட்டு போனது. உங்கள் தங்கச்சியின் கைகள் போயின, அவள் நகத்தில் மஞ்சள் கறை இருந்ததால் மூன்று தடவை திருப்பி அனுப்பி நாலாவது தடவை ஏற்றுக்கொண்ட கைகள். கொஞ்ச நேரம் அழுதேன் அத்தான். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது.

ஏற்கெனவே விற்ற படங்களை வாங்கியவர்கள் தொடர்ந்து பயன்படுத்தலாம் என்ற மெயில் அதற்கப்புறம்தான் வந்தது. ஆகையால் பஸ் ஓடும். ஆனால் இனி புதிதாக எவனும் உங்களை வாங்க முடியாது. மூட்டுவலித் தைலம், முதியோர் இல்லம், மலச்சிக்கல் என்று வேறு எதிலும் நீங்கள் வர மாட்டீர்கள். என் கைக்கு எட்டியது அவ்வளவுதான். எனக்காக மாடியேறி வந்த ஒரே மனிதரை இப்படி நடுரோட்டில் நிறுத்திவிட்டேனே என்று நினைத்து நினைத்து, இந்த இரண்டு மாதமாக என் முகத்தில் சிரிப்பு என்பதே இல்லை. பார்த்தவர்கள் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு உங்கள் நாற்காலி காலியாகவே கிடக்கிறது. ஒரு தடவை வந்து திட்டிவிட்டாவது போங்கள்.

நீங்களும் அக்காவும் நீண்ட ஆயுளோடும், போன கடைகளெல்லாம் திரும்பி வந்து கை ஓயாத கணக்கோடும் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, உங்கள் காலைத் தொட்டு நிறுத்துகிறேன். உங்கள் தங்கச்சியும் வணக்கம் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
மன்னிப்புக்குக் காத்திருக்கும் மைத்துனன்

பி.கு.: இந்தக் கடிதத்தைத் தபாலில் போடத்தான் போனேன். பஸ் வந்தது. கடன்காரக் கம்பெனி விளம்பரத்தை மாற்றிவிட்டது. முன்பாதியில் நீங்கள் அப்படியே நெற்றியைப் பிடித்துக்கொண்டு இருக்கிறீர்கள். பின்பாதியில், "எங்களிடம் வந்த பிறகு" என்று எழுதி, முப்பத்திரண்டு பல்லும் தெரிய நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். தூக்கிய என் கட்டைவிரல் நேராக உங்கள் தலையைக் காட்டுகிறது. முந்தாநாள் விற்றது தக்காளி இல்லை. என் முகத்தில் சிரிப்பே இல்லை என்று மேலே எழுதியதை அடித்துவிடலாமா என்று யோசித்து, கடிதத்தையே கிழித்துவிடலாம் என்று வீட்டுக்குத் திரும்பினேன். அதற்குள் அக்கா போன் செய்தாள். நீங்களும் பஸ்ஸைப் பார்த்துவிட்டீர்களாம். பின்சந்துக்குப் போகாமல் ஸ்டாப்பிலேயே உட்கார்ந்து, அடுத்த பஸ் வரும்வரை காத்திருந்து இன்னொரு தடவை பார்த்தீர்களாம். "பல்லு தெரிஞ்சா இயல்பா இருக்காதுன்னு அவன்கிட்ட சொல்லு" என்று சொல்லிவிட்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தீர்களாம். இவ்வளவு வருஷத்தில் அவர் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை என்றாள் அக்கா. அத்தான், ஏஜென்சி கேட்டது அந்தச் சிரிப்பைத்தான். நான் அங்கே இல்லை. இருந்து எடுத்திருந்தாலும், அனுப்புவதற்கு இனி கணக்கும் இல்லை.