மச்சானின் மாடுலில் நான் போட்ட இன்னொரு ஓட்டை

மாமனார் வீட்டு மிக்ஸியை ஒருமுறை சரிசெய்து நல்ல பெயர் வாங்கிவிட்ட மருமகன், அதோடு நிறுத்திக்கொள்வது எல்லோருக்கும் நல்லது. நான் நிறுத்தவில்லை.

விழுப்புரத்தில் பெண் எடுத்த புதிது. எலக்ட்ரானிக்ஸில் டிப்ளமோ படித்தவன் என்பதால் அந்த வீட்டில் எனக்கு விஞ்ஞானி மரியாதை. (படித்தவன் என்பது கொஞ்சம் தாராளமான சொல்.) மிக்ஸி, டேபிள் ஃபேன், அத்தையின் செல்போன் சார்ஜர் என்று தொட்டதெல்லாம் துலங்கியது. நான் தொடாமல் மிச்சமிருந்தது, என் மனைவி கலாவின் அண்ணன் ஜெயபாலுடைய பெட்டி மட்டும்தான்.

அது மாடுலர் சின்தசைஸர். கீபோர்டு கிடையாது. மாடுல் எனப்படும் சின்னச் சின்னக் கருவிகளைச் சட்டத்தில் வரிசையாகப் பொருத்தி, ஒன்றின் துளையிலிருந்து இன்னொன்றின் துளைக்கு ஒயர் மாட்டினால் சத்தம் பிறக்கும். எந்நேரமும் ஒயர் தொங்கியதால் அத்தை அதைக் 'கரண்டு ஆபீஸ்' என்பார். மருந்துக் கடையில் கணக்குப் பார்த்துக்கொண்டே மச்சான் பல வருடமாகச் சேர்த்தது. அதில் ஒரு மாடுல்தான் அவருக்கு உயிர். இரும்பை என்கிற ஊர்ப் பக்கம் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் கையால் செய்தது. ஊர் திரும்பும்போது மச்சானிடம் கொடுத்துவிட்டுப் போனார். புல்லாங்குழலும் இல்லாத, வயலினும் இல்லாத ஒரு நாதம் அதிலிருந்து வரும். பனமலை ஏரியில் காற்று போவது மாதிரி இருக்கும்.

மச்சானுக்குத் திண்டிவனத்தில் பெண் அமைந்தது. பெயர் யமுனா. மச்சான் செல்போனில் அனுப்பிய பதிவைக் கேட்டுவிட்டு, நிச்சயதார்த்தத்தில் இதை நேரில் வாசித்தே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டாள். அதுவரை மச்சான் வெளியாள் முன்னால் வாசித்ததே இல்லை.

நிச்சயத்துக்கு முந்தின நாள் என்னிடம் வந்தார்.

"மாப்ள, ஒரு டவுட்டு. இந்த மாடுலுக்குள்ள ரெண்டு விதமா சத்தம் உண்டாவுது. வெளிய ஒண்ணுக்குத்தான் ஓட்ட வெச்சிருக்காரு. இன்னொண்ணையும் எடுக்க முடியுமா? முடியலன்னா உட்டுடுங்க. இருக்கறத வாசிச்சுக்கினு போயிடறேன்."

கடைசியில் அவர் சொன்னது எனக்குக் காதில் விழவே இல்லை.

"சப்ப மேட்டரு மச்சான். ஒரு ஓட்ட, ஒரு ஒயரு. முடிஞ்சுது."

முன்பக்கத் தகட்டில் துளை போட்டேன். உள்ளே சத்தம் உண்டாகிற இடத்திலிருந்து நேராக ஒயர் இழுத்து, சால்டர் வைத்துப் புதுத் துளையில் சேர்த்தேன். நடுவில் ஒரு சின்ன சர்க்யூட் வைக்கவேண்டும். இல்லாவிட்டால் வெளியே எதை மாட்டினாலும் அது உள்ளிருக்கும் சத்தத்தையே கீழே இழுத்துவிடும். (இதை வகுப்பில் நடத்தித்தான் இருப்பார்கள். நான் மேட்னி போயிருப்பேன்.) மீட்டர் வைத்துப் பார்த்தேன், காட்டியது. ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டிருக்கலாம். ஆனால் அத்தை மதியத் தூக்கத்தில் இருந்தார். மாமியார் தூக்கத்தைக் கெடுக்காத மருமகன் என்ற பெயரும் எனக்கு வேண்டியிருந்தது.

மச்சான் புதுத் துளையை விரலால் தடவிப் பார்த்தார். பழத்தட்டு, புடவை என்று ஆளாளுக்கு அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வாசித்துப் பார்க்க நேரமில்லை. என் வார்த்தையை நம்பிப் பெட்டியை மூடினார்.

திண்டிவனத்து மண்டபத்தில் மச்சான் வாசிக்க ஆரம்பித்ததும் பேச்சு அடங்கியது. செல்போன் நோண்டிக்கொண்டிருந்த யமுனாவின் அப்பாகூட நிமிர்ந்து உட்கார்ந்தார். யமுனா மச்சானின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது மச்சான் என்னைப் பார்த்துச் சின்னதாகச் சிரித்துவிட்டு, இன்னொரு ஒயரைப் புதுத் துளையில் செருகினார்.

நாதம் அப்படியே வழுக்கிக் கீழே இறங்கி, கன்றைத் தேடும் எருமை மாதிரி கத்தியது.

"யார் மாடுய்யா அது? உள்ள வந்துகினு கீது பாரு, தொரத்துங்க" என்றார் யமுனாவின் பெரியப்பா. அவர் கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே வாசலைப் பார்த்தார்.

மச்சான் ஒயரைப் பிடுங்கினார். பழைய நாதம் திரும்பி வந்துவிட்டது. அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் விஞ்ஞானி மேடை ஏறிவிட்டான்.

"ரெண்டே நிமிஷம் மச்சான்."

"வேணாம் மாப்ள. பழசே போதும்."

"உங்களுக்குத் தெரியாது, இருங்க."

மாடுலைக் கழற்றினேன். ஒயரை அமுக்கிவிட்டேன். பின்பக்கம் கரண்டு வரும் பட்டை ஒயரைத் திரும்பச் செருகும்போது, மொத்த மண்டபமும் பார்க்கிற பதற்றத்தில், தலைகீழாகச் செருகிவிட்டேன். சுவிட்சைப் போட்டதும் படக்கென்று ஒரு சத்தம். மெல்லிய புகை. யாரோ ஒரு அம்மா பன்னீர்ச் செம்போடு ஓடிவந்தார்.

மச்சான் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். கூட்டத்தைப் பார்த்து, "அவ்ளோதாங்க. எல்லாரும் சாப்ட போலாம்" என்றார். பந்தியில் எனக்கு இடமும் பிடித்து வைத்திருந்தார்.

மாடுலுக்குள் கருகிப்போன ஐசி சிப்பை இப்போது எங்கேயும் செய்வதில்லை. சென்னை, பெங்களூரு என்று நான் தேடாத கடை இல்லை. வேறு ஐசி போட்டால் சத்தம் வருகிறது. அந்தச் சத்தம் வருவதில்லை. மச்சான் அதன்பிறகு யார் முன்னாலும் வாசிக்கவில்லை.

கல்யாணம் நன்றாக நடந்தது. அதிலிருந்து விழுப்புரத்து வீட்டில் எங்கே மாடு கத்தினாலும், "மாப்ள, உங்க அவுட்புட்டு வருது பாருங்க" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். ஆரம்பித்து வைத்தது அத்தை. எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

போன மாட்டுப் பொங்கலன்று அப்படிச் சிரித்து அடங்கிய நேரத்தில் யமுனா சொன்னாள்:

"ஆனா அண்ணா, மாடு கத்தறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் வந்துச்சே. அது நல்லா இருந்துச்சு."

"ஆமா" என்றார் மச்சான்.

அத்தை என் இலையில் இன்னொரு வடை வைத்துவிட்டுப் போனார்.