பின்னோக்கி ஓடிய மோட்டர்

சாய்ந்தமருது,
4.4.1982

அன்பின் காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தம்மாம் வெயிலிலும் உங்களுக்கு நல்ல உடலும் நல்ல பசியும் நிலைக்க அல்லாஹ் அருள்வானாக. இங்கே வாப்பா சுகம், உம்மா சுகம், எனக்கு மூத்தவள் தாத்தா சுகம், அவளைக் கட்டி இந்த வீட்டுக்கு வந்திருக்கும் சாலிஹ் மச்சான் மிகவும் சுகம். நீங்கள் விட்டுப்போன வள்ளத்து மோட்டர்தான் சுகமில்லை. கடிதத்தின் முடிவில் ஓர் உதவி கேட்கப் போகிறேன். கோபப்படாமல் கடைசிவரை வாசியுங்கள்.

கடல் அடங்கிவிட்டது, எல்லா வள்ளங்களும் போகின்றன, நம்முடையது மட்டும் மணலில் கிடக்கிறது, வாப்பா பிறர் வள்ளத்தில் ஆளாகப் போய்வருகிறார். மழைக்காலம் முழுக்கச் சாக்கில் சுற்றிக் கிடந்த மோட்டர் இருமியதே தவிர ஓடவில்லை. சம்மாந்துறை மாப்பிள்ளைக்கு டிராக்டர் என்றால் தண்ணீர் குடிப்பது மாதிரி என்று கலியாணம் பேசியவர் சொல்லியிருந்தார் அல்லவா? விருந்துச் சாப்பாடு செரிக்கும் முன்பே வாப்பா ஸ்பானரை அவர் கையில் கொடுத்து, "மருமகன், இது உங்கட கைக்குச் சின்ன வேல" என்றார். மச்சான் மோட்டரைச் சுற்றி ஒருமுறை நடந்து, மீசையைத் தடவி, "ஓம் மாமா, பாப்பம்" என்றார். அன்று பிடித்த ஸ்பானரை அவர் விடவேயில்லை.

கறையான் தின்று மிஞ்சிய ஆங்கிலக் குறிப்புப் புத்தகத்தை நான் வாசித்தேன். விஷயம் இவ்வளவுதான்: உள்ளே பிஸ்டன் மேலே ஏறி வருகிறது, உச்சியைத் தொடுவதற்குச் சற்று முன்பு தீப்பொறி பாய வேண்டும். பிந்தினால் மோட்டர் சோம்பும். மிகவும் முந்தினால் ஏறி வருகிற பிஸ்டனைத் தலையில் அடித்து, வந்த வழியே துரத்திவிடும். மேலே சுழலும் சக்கரம், தன் அடியில் ஒன்றையொன்று தொட்டிருக்கும் இரண்டு சிறிய பொயின்ட்டுகளைத் தள்ளித் திறக்கிற கணத்தில்தான் பொறி பிறக்கிறது. அகலமாகத் திறந்தால் பொறி பெரிதாக வரும் என்பது மச்சானின் கட்சி. அகலமாக வைத்தால் வேளைக்கு முந்தியே திறந்துவிடும் என்பது புத்தகத்தின் கட்சி. மச்சான் அகலமாக வைத்துக் கயிற்றை இழுத்தார். மோட்டர் கயிற்றையும் மச்சானையும் சேர்த்துத் திருப்பி இழுத்தது. அவர் மணலில் குந்தியிருக்க, வாப்பா கடலைப் பார்த்தார், உம்மாவோ, "மோட்டர் நல்லாத்தான் இரிக்கி, கயிறுதான் சரியில்ல" என்றார். புது மாப்பிள்ளையிடம் உங்களுக்குத் தெரியாது என்று யார் சொல்வது? மனம் கசந்து பையைத் தூக்கிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட்டால் தாத்தாவின் கதி என்ன? "நீ வாயத் தொறக்காதகா" என்று தாத்தா எனக்கு முன்கூட்டியே சொல்லி வைத்தாள்.

வாயைத் திறக்கவில்லை. லுஹர் தொழுது, கோழிக்கறி சாப்பிட்டு மச்சான் உறங்கும்போது மோட்டரைத் திறந்தேன். சக்கரத்தில் ஒரு சிறு சன்னல் இருக்கிறது. அதன் வழியே உங்கள் விமானத் தபால் தாளின் வெற்று ஓரத்தை வெட்டிப் பொயின்ட்டுகளுக்கு இடையில் செருகினேன், பிளக்கைக் கழற்றிய துளையில் ஒரு தென்னை ஈர்க்கை நிறுத்தினேன், சக்கரத்தை மெல்லத் திருப்பினேன். பிஸ்டன் ஏற ஈர்க்கு உயர்ந்தது, பொயின்ட்டுகள் திறக்கத் தாள் வழுவியது. இரும்புக்குள் இருட்டில் நடப்பதை ஓர் ஈர்க்கும் ஒரு தாளும் எனக்குச் சொன்னதில் வந்த சந்தோஷத்தை எப்படி எழுதுவது? மச்சான் வைத்த இடைவெளியைக் குறைத்தேன், பின்னேரம் அவர் கூட்டினார், நான் மறுபடியும் குறைத்தேன். ஆனால் நான் எவ்வளவு சரியாக வைத்தாலும் தாள் முந்தியே வழுவியது. ஏன் என்ற யோசனையில் கறிக்கு உப்பை மறந்தேன்.

நேற்று வள்ளத்தை இறக்கினார்கள். வேலி ஓட்டையால் பார்த்தேன். மோட்டர் முதல் இழுப்பிலேயே பிடித்தது. வாப்பா வள்ளத்து முன்னணியத்தில் கடலைப் பார்த்து நிற்க, வள்ளம் அப்படியே பின்பக்கமாகக் கரைக்கு வந்தது.

"மருமகன், இது எங்க போகுது?"

"கரைக்கு மாமா."

"நாம கடலுக்கெல்லோ வெளிக்கிட்டம்?"

"மோட்டருக்கு விருப்பமில்ல போல மாமா."

பக்கத்து வள்ளக்காரர்கள் சிரிக்காமலிருக்கப் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டுமே.

அப்போதுதான் விளங்கியது. பொறி அவ்வளவு முந்தினால் மோட்டர் எதிர்ப்பக்கமாகவே சுற்றத் தொடங்கும். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். அதைத் தண்டோடு பிடித்துவைக்கும் பிறை போன்ற சின்ன 'கீ' பாதி அறுந்திருந்தது. அன்று கயிறு திருப்பி இழுத்தபோது அறுந்து, சக்கரம் முன்னுக்கு வழுக்கியிருக்கிறது. பழைய பித்தளைக் கதவுப் பிணைச்சல் ஒன்றை அராவிப் புதிது செய்துவிட்டேன். ஆனால் போட்டு என்ன? மச்சான் மறுபடியும் இடைவெளியைக் கூட்டினால் இதுவும் அறும்.

ஆகவே, மருமகனுக்கு இந்தக் கஷ்டம் வேண்டாம், மோட்டரை வாப்பாவே பார்க்கட்டும் என்று நீங்கள் மச்சானுக்குப் பணிவாக ஒரு கடிதம் எழுதுங்கள். வாப்பா பெயரில் நான் பார்த்துக்கொள்கிறேன். மச்சான் பெருமை பிடித்த மனிதர், மெதுவாக எழுதுங்கள்.

வீட்டார் அனைவரின் சலாமும், உம்மாவின் துஆவும், வேலி ஓட்டையால் பார்க்கிறவளின் அன்பும் உங்களைச் சேரட்டும்.

இப்படிக்கு,
தங்கை சுல்பிகா

பி.கு.: அந்தக் கடிதத்தை எழுத வேண்டாம். இதை ஒட்டுவதற்கு முன், கீயைப் பொருத்திப் பார்க்கலாமென்று போனேன். மச்சான் உறங்கவில்லை, பின்னால் நின்றார். "மச்சி, நீங்கதானா? அல்ஹம்துலில்லாஹ். நான் ஒரு மாதிரி வெச்சிட்டுப் போறன், வந்து பாத்தா வேற மாதிரி இரிக்கி. ஜின் எண்டு நெனச்சிட்டன்" என்றார். டிராக்டரைப் பற்றிக் கேட்டேன். "பின்னால இழுக்கிற பொட்டியில ஏறிப் போயிரிக்கன், அவ்வளவுதான். மாமா ஸ்பானரத் தந்தாரு. புது வீடு. எப்பிடித் தெரியாதெண்டு சொல்லுற?" அவர் சக்கரத்தைப் பிடித்தார், நான் கீயைப் போட்டேன். மறுநாள் வள்ளம் கடலுக்கே போனது. என் பெயரை எங்கும் சொல்ல வேண்டாம் என்று கேட்டேன், சொல்லவில்லை. அதன் பலனாக இன்று மருதமுனையிலிருந்து வண்டியில் ஒரு பழைய மோட்டர், 'சம்மாந்துறை மெக்கானிக்' பெயருக்கு வந்திறங்கியிருக்கிறது. வாப்பா பெருமையோடு வாங்கி வைத்தார். மச்சான் அடுப்படிக் குசினி வாசலில் ஸ்பானரை என் பக்கம் நீட்டியபடி நிற்கிறார். அவர் மரியாதை நிற்க வேண்டுமானால் இதுவும் ஓட வேண்டும். திறந்து பார்த்துவிட்டேன் காக்கா. இதில் கீ முழுசாகத்தான் இருக்கிறது, கோளாறு வேறெங்கோ.