என் எண்ணுக்கு வால் ஒட்டாதே

தொலைபேசி நிலையத்தின் எண் மாற்றப் பிரிவைத் தன்னந்தனியாகத் தோளில் சுமக்கும் அருமை மருமகனுக்கு, உன் தாய்மாமன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அத்தையும் நலம். எங்கள் தொலைபேசி எண்ணும் இந்த நிமிடம்வரை நலம். இனி உன் பாடு.

எல்லா எண்களுக்கும் கடைசியில் ஓர் ஏழு சேர்க்கப்போவதாக நீ கையெழுத்துப் போட்டு அனுப்பிய அறிவிப்பு வந்தது. மாப்பிள்ளை, ஊருக்கெல்லாம் சேர்த்துக்கொள். என் 73939133-ஐத் தொட்டால் நடப்பதே வேறு! மாடி வீட்டுக் கணக்கு வாத்தியார் அதைப் பார்த்ததும் குடித்த தண்ணீர் மூக்கில் ஏறி முக்கால் மணி நேரம் இருமினார். அது பகா எண்ணாம். ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எந்தக் கொம்பனாலும் மீதியில்லாமல் வகுக்க முடியாது. அதோடு விட்டதா? வாலை ஒவ்வொன்றாக நறுக்கிக்கொண்டே வா: 7393913, பகா எண். 739391, பகா எண். 73939, 7393, 739, 73, கடைசியில் ஒற்றை ஏழு, அதுவும் பகா எண்! இந்த வித்தை தெரிந்த எண்களிலேயே இதுதான் ஆகப் பெரியது. இதன் பின்னால் எந்த இலக்கத்தை ஒட்டினாலும் மானம் போய்விடும். என் உத்தியோகத்தையும்தான் வெட்டினார்கள், தலைமுடி போனது, நான்கு பல் போனது. மிச்சமிருப்பதை எவனாவது வகுத்தானா? நானும் அந்த எண்ணும் ஒரே ரகமடா.

நேற்று உன் அலுவலகத்துக்கே வந்தேன். நீ கூட்டத்தில் இருந்தாயாம். கவுன்ட்டர்க்காரர், “எல்லாருக்கும்தான் ஏழு சேர்க்கிறோம் பெரியவரே, உங்களுக்கு மட்டும் தனிச் சட்டமா?” என்றார்.

“ஏழு சேர்த்தா மூணு வந்து பங்கு கேக்கும், ஒம்பது வந்து பங்கு கேக்கும்! இத்தனை வருஷம் பிரியாம இருந்ததுப்பா!”

“மொத்தம் பன்னெண்டு வாரிசா?” என்று வாயைப் பிளந்தார். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற அம்மாள், “பெத்ததுங்களே இப்படிப் பண்ணா எங்க போறது?” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாரோ எனக்கு நாற்காலி போட்டார்கள். உட்கார்ந்தேன்; ஆனால் பணியவில்லை.

ஆகவே திட்டவட்டமாகச் சொல்கிறேன்: உன் ஆட்கள் வந்தால் இருக்கிற பற்களால் ஒயரைக் கடித்துக்கொண்டு வாசலில் கிடப்பேன். நீ பதவி உயர்வு மேல் பதவி உயர்வு பெற்று, அடுத்த அறிவிப்பில் கையெழுத்துப் போடும்முன் கை சுளுக்கி, நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,

வகுபடாத உன் மாமன்.

பின்குறிப்பு: உன் அத்தை இதைப் படித்துவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தொலைபேசியில் ஒட்டியிருக்கும் நம்பர் சீட்டை உற்றுப் பார்த்தாள். “கடைசியில இருக்கிறது மூணு இல்லங்க, எட்டு. பாதி மை அழிஞ்சிருக்கு. நீங்க நம்பர் கொடுத்த ஒருத்தர்கூட ஏன் போன் பண்ணலன்னு இப்பதான் புரியுது” என்றாள். எட்டில் முடிந்தால் பச்சைக் குழந்தைகூட இரண்டால் வகுத்துவிடும். எங்கள் எண்ணில் ஏழென்ன, எழுபதுகூடச் சேர்த்துக்கொள். ஆனால் மூன்றில் முடியும் அந்த எண் யார் வீட்டில் இருக்கிறதென்று பார்த்து, மேற்கண்ட ஆட்சேபணை முழுவதையும் அவர் பெயருக்கு மாற்றிவிடு. போராட்டம் நிற்காது, ஆள்தான் மாறுகிறார்.