மாப்பிள்ளை எந்தப் பக்கம்?

சிவப்புப் பெட்டிக்கு முன்பதிவு செய்துவிட்ட நிம்மதியில் மாப்பிள்ளை தட்டில் கை வைத்தபோது, எதிரே உட்கார்ந்திருந்த மாமனார் தன் தட்டை ஓரமாகத் தள்ளினார்.

“அப்ப எங்க மேல படையெடுக்கறதுன்னு முடிவே பண்ணிட்டீங்க” என்றார்.

“யார் மேல மாமா?”

“எங்க மேல. பெண்ணைக் கொடுத்தவங்க மேல.”

மாப்பிள்ளைக்கு விக்கல் எடுத்தது. மாமியார் தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

விஷயம் இதுதான். ‘இரண்டு கொடி’ என்று ஒரு வீடியோ கேம் வரப்போகிறது. சும்மா சுட்டுத் தள்ளுகிற ரகமில்லை. கட்டம் கட்டமாக யோசித்துப் படையை நகர்த்த வேண்டும். அதன் முதல் பாகத்தை மாப்பிள்ளை கல்யாணத்துக்கு முன்பே கரைத்துக் குடித்தவர். அடுத்த பாகத்துக்காக வருஷக்கணக்கில் தவம் கிடந்தார். வந்ததுதான் வந்தது, ஒழுங்காக வந்ததா? கதையை இரண்டாக உடைத்துத் தனித்தனிப் பெட்டியில் போட்டு விற்கிறார்கள். ஒரு நாட்டு இளவரசன் பக்கத்து நாட்டு இளவரசியைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிடுகிறான். பிறகு இரண்டு நாட்டுக்கும் சண்டை. சிவப்புப் பெட்டி வாங்கினால் இளவரசன் பெற்றவர்கள் பக்கம். நீலப் பெட்டி வாங்கினால் பெண் கொடுத்தவர்கள் பக்கம்.

நம்ம மாப்பிள்ளையும் வீட்டோடு மாப்பிள்ளை. போதாதா?

“குதிரைப்படைக்காக எடுத்தேன் மாமா. சிவப்புல குதிரைப்படை பிரமாதமா இருக்குமாம்.”

“நீலத்துல?”

“காலாட்படை.”

“ஓ. நாங்க நடந்தே வரணும்.”

மாமனார் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்தவன் வேலி அரை அடி நகர்ந்திருந்தாலும் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவார். “ஊர்ப்பட்ட எல்லைத் தகராறு பார்த்தவன் நான். ஒருத்தன் மனசு எங்க இருக்கோ அங்கதான் கல்லு நடுவான்” என்றார். கை கழுவப் போகும்போது திரும்பி நின்று, “அந்த வாரம் எனக்கு டிவி வேணும். செய்தி பார்க்கணும்” என்று சேர்த்துக்கொண்டார்.

வீட்டில் இருப்பதே ஒரு டிவி, அது ஹாலில் இருக்கிறது, மாமனாருடையது. கேம் வெளியாகிற வாரத்துக்கு அதைக் கேட்டு வாங்க மாப்பிள்ளை பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். மாமனாரின் பழைய நண்பர்கள் கதையை எல்லாம் முதல் தடவை கேட்கிற மாதிரியே கேட்டிருக்கிறார். வேலை பார்க்கிற கடையில் முதலாளியிடம் பல்லைக் காட்டி அந்த வாரம் முழுக்க விடுப்பும் வாங்கியாகிவிட்டது. டிவி இல்லாமல் விடுப்பை வைத்துக்கொண்டு நாக்கு வழிக்கவா?

“எங்கப்பா ரெண்டு நாள்ல சரியாயிடுவார். விடுங்க” என்றாள் மனைவி. அவள் அப்போது நல்ல மனநிலையில்தான் இருந்தாள்.

மாப்பிள்ளைக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை. லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, “இதுல நல்லாத் தெரியுதா, அதுல நல்லாத் தெரியுதா” என்று கேட்பதுதான் அவருக்குச் சோறு போடுகிறது. எது என்று சொல்லத் திணறுகிறவர்களைக் கண்டால் அவருக்கு எப்போதும் கொஞ்சம் இளப்பம். மறுநாள் ஒரு அம்மாள், “ரெண்டும் ஒரே மாதிரிதாம்பா இருக்கு” என்றபோது மட்டும் அந்த அம்மாளைக் கும்பிடலாம் போல இருந்தது.

பின்னறையில் மெஷினில் லென்ஸ் வெட்டுகிறவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “இது ஒரு பிரச்சினையா? நீலத்தையும் புக் பண்ணு. மாமனார்கிட்ட நீலத்தைக் காட்டு. சிவப்பை நீ வெச்சுக்க” என்றார்.

“சிவப்பை ரத்து பண்ண முடியாதுங்கறாங்க.”

“உன்னை யாரு ரத்து பண்ணச் சொன்னா?”

மாப்பிள்ளை அங்கேயே நின்று நீலத்துக்கும் முன்பதிவு செய்தார். சாயங்காலம் போனில் அந்தப் படத்தை மாமனாரிடம் நீட்டினார். மாமனார் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

“கோட்டை நல்லாத்தான் கட்டியிருக்கான். மேற்குப் பக்கம்தான் கொஞ்சம் கோணல்” என்றார். குரல் இளகிவிட்டது. “டிவி என்ன டிவி, எடுத்துக்கங்க. என் சாய்வு நாற்காலியையும் போட்டுக்கங்க. முதுகு வலிக்காம சண்டை போடலாம்.”

டிவியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்த மாமியார் மெதுவாகக் கேட்டார். “அந்த நீலத்துல முழுக் கதையும் வந்துடாதா மாப்பிள்ளை?”

“எங்க அத்தை? பாதிதான் இதுல. மீதி அதுல.”

“அடப்பாவமே” என்று சொல்லிவிட்டு அவர் அடுத்து மின்விசிறிச் சுவிட்சைத் துடைக்கப் போனார்.

மறுநாள் காலையில் அம்மாவின் போன்.

“நல்லா இருக்கியா தம்பி?”

அம்மா ‘தம்பி’ என்றால் ஏதோ வில்லங்கம் என்று அர்த்தம். ‘டேய்’ என்றால்தான் பிரியம்.

“நல்லா இருக்கேம்மா.”

“இருப்பே. நீலக்கோட்டையில இருக்கறவனுக்கு என்ன குறை? பெத்தவ இங்க செங்கோட்டையில இருந்து வெந்நீர் ஊத்தினாக்கூட உனக்கு உறைக்காது.”

“அம்மா, அது விளையாட்டும்மா.”

“விளையாட்டுலதாண்டா மனுஷன் மனசு தெரியும்.”

“உனக்கு யாரும்மா சொன்னா?”

“யாரோ சொன்னாங்க. பொய்யா?”

அதற்குள் அக்கா போனைப் பிடுங்கிவிட்டாள். அக்கா ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியை. வீட்டிலும் அதே வேலைதான். “சின்ன வயசுல உன்னை இடுப்புல தூக்கிட்டு அலைஞ்சவ நான். என் மேலயே கல்லெறியப் போறியா? கேம் வர்ற அன்னைக்கு நானும் அம்மாவும் அங்க வர்றோம். எந்தப் பெட்டியைப் பிரிக்கறேன்னு கண்ணால பார்க்கறோம்.”

மாப்பிள்ளைக்கு அம்மா என்றால் உயிர். மாமனார்மீதும் மரியாதை உண்டு. யார் கோட்டையிலும் அவர் ஒரு செங்கல்லைக்கூட அசைக்க ஆசைப்படவில்லை. குதிரைப்படையைக் கொஞ்சம் ஓட்டிப் பார்க்க நினைத்தார், அவ்வளவுதான்.

கடைக்குப் போனதும் லென்ஸ் வெட்டுகிறவரின் சட்டையைப் பிடித்தார். “எங்கம்மாகிட்ட நீதானே போட்டுக் கொடுத்தே?”

“உங்கம்மா கறுப்பா சிவப்பான்னுகூட எனக்குத் தெரியாது. சட்டையை விடு, இஸ்திரி போட்டது” என்றார் அவர். பிறகு யோசித்து, “மூணாவதா ஒண்ணு இப்ப புதுசா அறிவிச்சிருக்காங்களே, தெரியுமா? வெள்ளைப் பெட்டி. அதுல இளவரசன் எந்தப் பக்கமும் சேர மாட்டான். ரெண்டு பேரையும் கும்பிட்டுட்டுப் போயிடுவான். யாருக்கும் நோகாது” என்றார்.

ஆணியைப் பிடுங்கப் போய்ச் சுவரையே இடிக்கிற மனுஷன் அவர். அது தெரிந்தும் மாப்பிள்ளை வெள்ளைக்கும் முன்பதிவு செய்தார்.

அன்றைக்கே அம்மாவுக்குச் செய்தி போயிற்று; மாமனாரிடமும் சொன்னார். “நான் எந்தப் பக்கமும் இல்லை. வெள்ளைப் பெட்டிதான் ஆடப்போறேன்.” அம்மா மறுபடியும் ‘டேய்’ என்று கூப்பிட்டாள். மாமனாரும் “நடுவுல நிக்கறவனை நம்பலாம்” என்று ஒரு மாதிரி சமாதானமானார். மாப்பிள்ளை குளியலறையில் பாடினார்.

சாயங்காலம் மனைவி டீயைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். வைத்த வேகத்தில் பாதி டீ சாசரில் இருந்தது.

“வெள்ளைப் பெட்டியில ராஜகுமாரன் எங்க போறான்?”

“காட்டுக்கு.”

“பொண்டாட்டி?”

மாப்பிள்ளை இதை யோசிக்கவில்லை. “அவ அரண்மனையில… பத்திரமா இருப்பா.”

“காட்டுக்குத் தனியாப் போறானா?”

“கூட ஒரு வில்லாளி.”

“ஆம்பளையா, பொம்பளையா?”

மாப்பிள்ளை டீயைக் குடித்தார். சூடு நாக்கைச் சுட்டது. அதுவே அந்த நேரத்துக்கு ஆறுதலாக இருந்தது.

“எங்கப்பா பக்கம் நிப்பீங்களா, உங்கம்மா பக்கம் நிப்பீங்களான்னு எல்லாரும் அடிச்சுக்கறாங்க. என் பக்கம் நிப்பீங்களான்னு ஒருத்தரும் கேட்கலை. கடைசியில என்னை விட்டுட்டு வில்லுக்காரியோட காட்டுக்குப் போறதுக்கு வாரம் முழுக்க லீவு வேற.”

“இதெல்லாம் உனக்கு யாரு சொன்னா?”

“சொல்ல ஆள் இருக்கு.”

அதோடு பேச்சு நின்றது. வீட்டில் அவளுடைய மௌனம் ஒரு ஆள் மாதிரி நடமாடியது. மாப்பிள்ளை அதற்கு வழி விட்டு ஒதுங்கி ஒதுங்கி நடந்தார்.

வெளியீட்டு நாள் வந்தது. அம்மாவும் அக்காவும் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கினார்கள். மாமனார் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு சாய்வு நாற்காலியில் காத்திருந்தார். மாமியார் எல்லாருக்கும் டீ கொடுத்தார். மனைவி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

மாப்பிள்ளையின் திட்டம் எளிது. கூரியர்காரர் வந்ததும் வாசலுக்கு ஓடி, வெள்ளைப் பெட்டியை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் செருப்பு அலமாரிக்குள் தள்ளிவிட வேண்டும். ஆனால் மணி அடித்தபோது கதவருகே இருந்தது அக்கா.

“ஒரே ஆளுக்கு மூணு பார்சலும்மா” என்று கூரியர்காரர் நடு ஹாலுக்கே வந்து மேசைமேல் வரிசையாக அடுக்கினார். “சிவப்பு, நீலம், வெள்ளை. கையெழுத்து யாரு?”

மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டார். அவர் பெயரே அவருக்கு மறந்துபோய், கோணல் மாணலாக வந்தது.

“என்கிட்ட நீலத்தைக் காட்டிட்டு, சிவப்பையும் வெச்சிருந்தீங்களா?” என்றார் மாமனார்.

“என்கிட்ட வெள்ளைன்னு சொல்லிட்டு, நீலத்தையும் விடலியாடா?” என்றாள் அம்மா.

“மூணு பேர்கிட்டயும் மூணு விதமா நடிச்சிருக்கான் சம்பந்தி” என்று அம்மாவே மாமனார் பக்கம் திரும்பினாள்.

“ஆமாம்மா. நாம வீணா ஒருத்தரை ஒருத்தர் சந்தேகப்பட்டோம்.”

ஐயோ பாவம், மாப்பிள்ளை ஆசைப்பட்ட சமாதானம் அந்த நிமிஷத்தில் வந்துவிட்டது. சிவப்பும் நீலமும் ஒரே சோபாவில் உட்கார்ந்து அவரைத் திட்டின. அக்கா முதுகெலும்பில்லாதவன் என்றாள். மாமனார் அதை வழிமொழிந்தார்.

தீர்ப்பை மனைவிதான் சொன்னாள். “இந்த வாரம் முழுக்க நீங்க அந்த டிவி பக்கமே போகக் கூடாது. ஒரு பெட்டியையும் தொடக் கூடாது.” பிறகு மற்றவர்களைப் பார்த்து, “வாங்க, நாம எல்லாரும் வெளிய போய்ச் சாப்பிட்டு, ஊரைச் சுத்திட்டு வருவோம். வாரம் முழுக்க அப்படித்தான். இவர் வீட்டைப் பார்த்துக்கட்டும்” என்றாள்.

“செய்தி கிடக்குது, தினம் வரும்” என்று மாமனாரே எழுந்துவிட்டார். அம்மா அவருக்குக் குடையை எடுத்துக் கொடுத்தாள்.

“எனக்கு முழங்கால் வலிக்குது. நீங்க போயிட்டு வாங்க” என்றார் மாமியார்.

கதவு சாத்திக்கொண்டது. மாப்பிள்ளை மேசைமேல் இருந்த மூன்று பெட்டிகளையும் பார்த்தார். அழுகை வரும் போல இருந்தது. வருஷக்கணக்காகக் காத்திருந்த கேம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அதைத் தொட்டால் குடும்பம் இல்லை. தலையைக் கையில் தாங்கிக் கண்ணை மூடிக்கொண்டார்.

பிளாஸ்டிக் உறை கிழிகிற சத்தம் கேட்டது; அவர் நிமிரவில்லை. கொஞ்ச நேரத்தில் பின்னால் குதிரைக் குளம்புச் சத்தம். திரும்பினார்.

மாமியார் சாய்வு நாற்காலியில் வசதியாகச் சாய்ந்திருந்தார். சிவப்புப் பெட்டி பிரித்துக் கிடந்தது. கன்ட்ரோலர் அவர் கையில் இருந்தது. திரையில் குதிரைப்படையை அவர் சாவதானமாக ஆற்றைச் சுற்றிப் பின்பக்கமாக ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த வழி மாப்பிள்ளைக்கே தோன்றியிருக்காது.

“அத்தை?”

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“மாமா காதுல போட்டதுல நீலம் வந்துச்சு. உங்கம்மா காதுல போட்டதுல வெள்ளை வந்துச்சு. உங்க பொண்டாட்டி காதுல போட்டதுலதான் மாப்பிள்ளை, டிவி வந்துச்சு.”