பச்சை உடம்புக்காரன்

அந்த வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் தியாகி ஆவது என்று முடிவு செய்தேன்.

நாட்டுக்காக இல்லை. வீட்டுக்காக. இன்னும் உண்மையைச் சொன்னால், வீட்டு வேலைக்குப் பயந்து.

எங்களுக்கு மூன்று பிள்ளைகள். கடைசிக்கு ஏழு மாதம். என் மனைவி சீனியம்மாள் 'போதும்' என்று சொல்லிவிட்டாள். பேரில் மட்டும்தான் சீனி. அவள் போதும் என்றால் பரிமாறுகிற கரண்டிகூட அந்தரத்தில் நின்றுவிடும்.

"மச்சான், அடுத்த வாரம் குடும்பக் கட்டுப்பாட்டு முகாமாம். நான் போயி ஆப்பரேசன் பண்ணிக்கிட்டு வந்துர்றேன்."

"பேஷா போயிட்டு வா."

"வந்து நாப்பது நாளு குனியக் கூடாது, நிமிரக் கூடாது. படுத்த படுக்கைதான்."

"நாப்பது நாளா? அப்ப தண்ணி யாரு எடுக்குறது?"

"நீங்கதான்."

"சோறு?"

"நீங்கதான்."

"பிள்ளைக்குக் கால் கழுவி விடுறது?"

"பிள்ளை யாரு பிள்ளை?"

எனக்கு வேர்த்தது. சோழவந்தான் கடைத்தெருவில் நான் தையல்காரன். கருத்தக்கண்ணன் தைத்த ஜாக்கெட் என்றால் சுற்றுப்பட்டில் ஒரு பேர் உண்டு. அடிபம்பு தெருக்கோடியில் இருக்கிறது. வீட்டுக்கு ஒரு நாளைக்குப் பதினாலு குடம். அளவு ஜாக்கெட்டோடு கடைக்கு வருகிற அத்தனை பெண்களும் அங்கேதான் வரிசையில் நிற்பார்கள். அவர்கள் நடுவில் நானும் இடுப்பில் குடத்தோடு நின்றால், நாளைக்கு எந்த மரியாதையில் கத்தரிக்கோலைப் பிடிப்பது?

தையல்காரன் மூளை எனக்கு. துணியைப் பார்த்ததும் எங்கே வெட்டினால் நமக்கு மிச்சம் என்றுதான் ஓடும். ஓடியது. ஆண்களுக்கும் ஆப்பரேசன் இருக்கிறதே! நான் செய்துகொண்டால் அந்த நாற்பது நாளும் எனக்கு. நான் கட்டிலில். அவள் வெந்நீரோடு. பக்கத்தில் கோழிச்சாறு. ஆடி மாதம் வேறு. கல்யாணமும் கிடையாது, தையலும் கிடையாது. இருக்கிற நாலு பாவாடையைக் கூட்டாளி விருமாண்டி பார்த்துக்கொள்வான். இதற்கெல்லாம் மேலே, பெண்டாட்டிக்காகக் கத்தியைத் தாங்கினவன் என்ற பேர்!

"சீனி," என்றேன், தொண்டையைக் கனைத்துக்கொண்டு. "ஒம்மேல கத்தி பட விடமாட்டேன். நான் போறேன்."

அவள் சட்டென்று முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். தோள் குலுங்கியது. பாவம், அழுகிறாள் என்று நினைத்தேன். எனக்கே கண் கலங்கியது.

கடைக்குப் போனால் விருமாண்டி பயமுறுத்தினான்.

"மாப்ள, வேணாம்டா. கொரலு மாறிருமாம். மீசை உதுந்துருமாம்."

"யாருடா சொன்னா?"

"பேச்சிமுத்து."

"அவனுக்கு ஏழு பிள்ளை. அவன் வேற என்னத்தச் சொல்லுவான்?"

ஆனாலும் அன்றைக்கு ராத்திரி இரண்டு தரம் மீசையை இழுத்துப் பார்த்துக்கொண்டேன்.

முகாமில் ஒன்றுமே இல்லை. ஊசி எறும்பு கடித்த மாதிரி இருந்தது. அதன் பிறகு, வேறு யாரோ ஒருத்தன் சட்டையை வேறு யாரோ தைப்பது போல எங்கேயோ என்னவோ நடந்தது. ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைக்கிற நேரம்தான். கால் மணி.

"எத்தனை தையலுங்க டாக்டர்?"

"ரெண்டு."

எனக்குக் கேவலமாக இருந்தது. ஒரு பொத்தானுக்கே நான் எட்டுப் போடுவேன்.

ஆனிமேரி சிஸ்டர் எங்கள் பக்கத்துக்கெல்லாம் சைக்கிளில் வருகிற நர்சு. பிரசவமா, தடுப்பூசியா, எல்லாம் அவர்தான். அவர் என்னை பெஞ்சில் உட்கார வைத்து ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"அண்ணே, ரெண்டு நாளு நல்லாப் படுத்திருங்க. ஒரு வாரத்துக்குச் சைக்கிள் வேணாம், மெசினும் மிதிக்காதீங்க. பாரம் தூக்கக் கூடாது. லங்கோடு இறுக்கமாக் கட்டணும். கொஞ்சம் நீலம் பாரிக்கும், லேசா வீங்கும், பயப்படாதீங்க. காய்ச்சல் வந்தாலோ வீக்கம் கூடுனாலோ உடனே ஓடி வரணும். எட்டாம் நாளு நானே வந்து தையலப் பிரிச்சு விடுறேன். அப்பறம் பழையபடி எல்லா வேலையும் பாக்கலாம். தெம்பு கொறையாது, ஆம்பளைத்தனமும் எங்கயும் போயிறாது."

பிறகு குரலைத் தணித்து, "ஆனா மூணு மாசத்துக்கு இது இல்லாமக் கூடாது. உள்ள பழசு தங்கியிருக்கும். மூணு மாசம் கழிச்சுச் சோதிச்சுப் பாத்துத்தான் சரின்னு சொல்லுவோம்" என்று ஒரு நிரோத் ஆணுறைப் பொட்டலத்தைக் கையில் திணித்தார். அதை நான் மேல்சட்டைப் பையில் ஒளித்த வேகத்தை எந்தத் திருடனும் பார்த்திருக்க மாட்டான்.

எட்டு நாள். வீட்டுக்கு வருகிற வழியில் அது நாற்பதாகிவிட்டது.

"டாக்டரு என்ன சொன்னாரு?" என்றாள் சீனி.

"நாப்பது நாளு."

"நாப்பதா?"

"நாப்பது."

"அது பச்சை ஒடம்புக்காரிக்குல்ல? பிள்ளை பெத்தவளுக்குத்தான நாப்பது?"

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். கத்தரிக்கோல் கையில் இருந்தால் ஒரு விரற்கடை கூடுதலாக வெட்டிவிடுவது என் பழக்கம்.

"டாக்டரே சொன்னாரு. பிள்ளை பெத்த ஒடம்பும் இதுவும் ஒண்ணுதானாம்."

"அப்பச் சரி," என்றாள். "அப்படியே பாத்துருவோம்."

ஒரு வாரம் சொர்க்கம். கோழிச்சாறு. காம்பு கிள்ளி நரம்பு உரித்த வெத்தலை. பிள்ளைகள் சத்தம் போட்டால், "ஏய், அப்பாவுக்கு ஆப்பரேசன்!" என்று அதட்டல். நான் நடுநடுவே முனகிக்கொண்டேன். எட்டாம் நாள் சிஸ்டர் வந்து தையலைப் பிரித்தார். வாசலில் அவரும் சீனியும் ரொம்ப நேரம் பேசினார்கள். சிரிப்புச் சத்தம் கேட்டது. பெண்பிள்ளைகள், ஏதாவது பேசிச் சிரிப்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

ஒன்பதாம் நாள் விடியும்போது வாயில் ஏதோ விழுந்தது. நெல்லிக்காய் அளவு. கறுப்பு. காரம் உச்சந்தலையில் ஏறியது.

"அய்யோ! என்னடி இது?"

"பிரசவ மருந்து. சுக்கு, திப்பிலி, பெருங்காயம் எல்லாம் எங்கம்மா இடிச்சு அனுப்பிருக்கு. தையல் பிரிச்சாச்சுல்ல, இனிமே பத்தியம். முழுங்குங்க."

முழுங்கினேன். காதில் பஞ்சை அடைத்தாள். தலையில் துண்டைக் கட்டினாள். வயிறு தொங்கிவிடுமாம், ஒரு பழைய நூல் சேலையை மடித்து இடுப்பில் ஆறு சுற்றுச் சுற்றினாள். கொதிக்கக் கொதிக்க வெந்நீர் எடுத்து நடு இடுப்பில் செம்பு செம்பாக அடித்தாள். "இப்படி ஊத்துனாத்தான் இடுப்பு எலும்பு கூடும்." என் இடுப்பு எலும்பு எப்போது பிரிந்தது என்று கேட்கக்கூட மூச்சு இல்லை. அதோடு சாம்பிராணிப் புகை.

மூன்று வேளையும் பூண்டுக் குழம்பு. டீ கிடையாது, வாயு. வெள்ளரிக்காய் கிடையாது, சளி. வாசலில் நிற்கக் கூடாது, காத்து. வெத்தலை கேட்டேன். கொடுத்தாள். உள்ளே பாக்கு இல்லை. சுட்ட பூண்டு. வெத்தலை விளைகிற சோழவந்தானில் பிறந்தவன் அதற்கே அழுத கதையை எங்கே போய்ச் சொல்வது?

தெருப் பெண்கள் பார்க்க வந்தார்கள். ரொட்டி, முட்டை, நல்லெண்ணெய் எல்லாம் வந்தது. எதிர்வீட்டு முருகம்மாள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏண்ணே, தலைக்கு ஊத்தியாச்சா?" என்று விசாரித்தாள். நல்லவேளை, பால் ஊறுகிறதா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

வேலை செய்யக் கூடாதென்றுதானே படுத்தேன்? சும்மா படுத்திருப்பது இம்புட்டு வேலை என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. உண்மையைச் சொல்லிவிடலாமா என்று தினமும் வாயைத் திறப்பேன். திறந்த வாயில் மருந்து உருண்டை விழும்.

இருபதாம் நாள் விருமாண்டி வந்தான். அவன் ஒரு கிடா நேர்ந்து வளர்த்தான். இரண்டு வருசம் எங்கள் கடை வாசலில் கட்டிக் கிடந்தது. அது தின்ற துணியில் பாதி என்னுடையது. எட்டு ஜாக்கெட் துணி அதன் வயிற்றுக்குள் போயிருக்கிறது. அதன் ஈரல் எனக்கென்று என்றைக்கோ பேச்சு.

"மாப்ள, நாளைக்குக் கருப்பு கோயில்ல கிடாவெட்டு. ஈரல எடுத்து வச்சுருறேன், வந்துரு."

எனக்கு முன்னால் சீனி பதில் சொன்னாள். "என்னண்ணே நீங்க? பச்சை ஒடம்புக்காரரு கோயில் எல்லைய மிதிக்கலாமா? சாமி குத்தமாயிரும். நாப்பது கழியட்டும்."

"அதுவும் சரிதான் தங்கச்சி," என்றான் அந்தத் துரோகி.

மறுநாள் பத்து மணிக்கு அவள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வண்டியில் போய்விட்டாள். எனக்கு ஒரு சட்டியில் பூண்டுக் குழம்பு. வண்டி தெருமுனை திரும்பியதுதான் தாமதம். காதுப் பஞ்சைப் பிடுங்கினேன். இடுப்புச் சேலையை அவிழ்த்தேன். சைக்கிளை எடுத்தேன். பெண்டாட்டியிடம் அடி விழுந்தாலும் சரி, ஈரலைத் தின்றுவிட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று மிதித்தேன்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. பக்கத்தில் ஒரு சைக்கிள் மணி அடித்தது. ஆனிமேரி சிஸ்டர்!

"அடடே, அண்ணே! சைக்கிள் ஓட்ட ஆரம்பிச்சுட்டீங்களா? நல்லாருக்கா? அந்த மூணு மாச விசயம் ஞாபகம் இருக்குல்ல? நிரோத்?"

கேட்டில் நின்ற மாட்டுவண்டிக்காரர் திரும்பினார். மாடும் திரும்பியது போலிருந்தது.

"இருக்கு சிஸ்டர், மெதுவா... வீட்டுல சொல்லிறாதீங்க. இன்னும் நாப்பது முடியல."

"எந்த நாப்பது?"

"பொம்பளைகளுக்கு ஆப்பரேசன் பண்ணுனா நாப்பது நாளு படுக்கையாம்ல? நானும் அதே கணக்குன்னு வீட்டுல சொல்லி வச்சுருக்கேன்."

சிஸ்டர் வாய்விட்டுச் சிரித்தார். "பொம்பளைகளே எட்டாம் நாளு தையலப் பிரிச்சா எந்திரிச்சு நடமாடுவாங்கண்ணே. பாரம் மட்டும் ஒரு மாசம் தூக்கக் கூடாது. நாப்பது நாளு படுக்கைன்னு யாரு சொன்னா?"

யாரு சொன்னா?

"சிஸ்டர்... சீனி ஒங்ககிட்ட இதப் பத்தி ஏதாவது கேட்டாளா?"

"கடைசிப் பிரசவத்தப்பவே கேட்டாங்களே. ரெண்டுல எது லேசுன்னாங்க. ஆம்பளைக்குத்தான் லேசு, கால் மணி நேரம்னேன். 'அப்ப அவரையே அனுப்புறேன்'னாங்க. 'வருவாரா?'ன்னேன். 'கூப்பிட்டா வரமாட்டாரு சிஸ்டர், தானா வருவாரு பாருங்க'ன்னாங்க. அதே மாதிரி வந்துட்டீங்க!"

ரயில் போனது. கேட் திறந்தது. பின்னால் மணி அடித்தார்கள், திட்டினார்கள். நான் அந்த முந்தானையையும் குலுங்கிய தோளையும் நினைத்துக்கொண்டு நின்றேன்.

கோயிலுக்குப் போனபோது கடைசிப் பந்தி எழுந்துகொண்டிருந்தது. சீனி என்னைப் பார்த்தாள். திடுக்கிடவே இல்லை.

"வாங்க மச்சான். சைக்கிள்லயா வந்தீங்க?"

"நாப்பது நாள்னு யாருடி சொன்னது?"

"நீங்கதான்."

"அதுக்கு முந்தி?"

"அதுக்கு முந்தி நான்."

"பொய்தான?"

"பொய்தான். நான் சொன்னதாவது புதுப் பொய்யி மச்சான். நீங்க என்ன பண்ணுனீங்க? நான் உடுத்திக் கழட்டுன பொய்யையே அளவு மாத்தாம எனக்கே தைச்சுக் குடுத்தீங்க."

சுற்றி நின்ற பெண்கள் எல்லோரும் என் கடை வாடிக்கைக்காரர்கள். எல்லோருக்கும் காது நன்றாகக் கேட்கும்.

"ஈரலு?" என்றேன், குரல் இறங்கி.

"பிள்ளைகளுக்கு ஊட்டியாச்சு. தையல் பிரிக்கிற வரைக்கும் ஒங்களுக்குக் கோழி அடிச்சுப் போட்டேனா இல்லையா?" என்றவள் ஒரு குடத்தை என் பக்கம் நகர்த்தினாள். "ஒடம்புதான் தேறிருச்சே. அண்டா கழுவணும். கெணத்துல போயிக் கொண்டாங்க."

பதினெட்டுக் குடம் எடுத்தேன். ஒன்று சொல்ல வேண்டும்: பத்தியம் இருந்த இடுப்பு, குடம் ஒரு சொட்டுக்கூடத் தளும்பவில்லை.