லமாண்ட் பிங்க்னியின் அதிருப்தி குறித்த ஏழாவது கூட்டம்

எங்கள் டோலிடோ நாரைகள் கூடைப்பந்துக் கழகத்தின் நட்சத்திர ஆட்டக்காரர் லமாண்ட் பிங்க்னி அதிருப்தியில் இருக்கிறார் என்பது டிசம்பர் மாதம் முறைப்படி உறுதி செய்யப்பட்டது. காரணத்தைக் கண்டறியவும், அவரை வேறு அணிக்குக் கொடுத்துவிட்டு மாற்று ஆள் வாங்கலாமா என்று ஆராயவும் ஒரு குழு அமைந்தது. குழு ஏழு முறை கூடியது. லமாண்டை ஒரு முறைகூடக் கூப்பிடவில்லை.

நான் ஆர்லோ. இருபத்திரண்டு வருஷமாக இந்த அணியின் பனியன்களைத் துவைத்து மடிக்கிறவன். காரணம் எனக்குத் தெரியும். காரணம் ஷவர்.

போன கோடையில் வீரர்களின் அறையைப் புதுப்பித்தார்கள். எதையும் புள்ளிவிவரம் பார்த்தே முடிவு செய்வது இப்போது நாகரிகம். ஆகவே ஷவரின் உயரத்துக்கும் புள்ளிவிவரம் எடுத்தார்கள். கட்டடத்தில் குளிக்க உரிமை பெற்ற ஊழியர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். டிக்கெட் கிழிப்பவர்கள், டைப் அடிப்பவர்கள், நாரை வேஷம் கட்டி ஆடும் டக்ளஸ் எல்லாரும் இதில் அடக்கம். சராசரி உயரம் ஐந்தடி ஏழங்குலம். தாராள மனதோடு மூன்று அங்குலம் கூட்டி, ஐந்தடி பத்தில் ஷவரைப் பொருத்தினார்கள்.

மற்ற வீரர்கள் குனிந்து சமாளித்தார்கள். குனிவது முதுகுக்கு நல்லது என்று டாக்டரும் சான்றிதழ் கொடுத்துவிட்டார். லமாண்ட் ஏழடி ஓரங்குலம். அவன் புகார் எழுதிப் போட்டான். பதில் வந்தது: "தங்கள் கருத்தை மிகவும் மதிக்கிறோம். திருப்திப் படிவத்தில் இருநூற்றுப் பதினோரு பேர் திருப்தி தெரிவித்துள்ளபடியால், தங்கள் உயரம் விதிவிலக்கெனக் கருதிக் கணக்கிலிருந்து விலக்கப்படுகிறது."

ஒரு நாள் அழுக்குத் துணிக்கூடை பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அண்ணே, மேட்ச் அன்னிக்குக் காலையில பயிற்சி முடிஞ்சு, டைல்ஸ்ல முட்டி போட்டுத்தான் தலைக்குக் குளிக்கிறேன். சாயங்காலம் குதிக்கப் போனா முட்டி ரெண்டும் அழுவுது."

"வீட்டுக்குப் போயிக் குளியேன் தம்பி."

"குளிச்ச கையோட எல்லாரும் உக்காந்து மூணு மணி நேரம் பழைய மேட்ச் வீடியோ பாக்கணுமே. வேர்வை நாத்தத்தோட போனா யாரு பக்கத்துல உக்காருவா? நீங்க மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே. எனக்கு இந்த ஊரை விட்டுப் போக இஷ்டமில்ல. பிள்ளைங்க இப்பதான் ஏரியில மீன் பிடிக்கப் பழகியிருக்குதுங்க."

"சொல்றேன் தம்பி" என்றேன்.

அந்த வாரம் அவன் இணையத்தில் தன் பக்கத்தில் ஒரு அருவியின் படத்தைப் போட்டான். ஒரு வார்த்தையும் எழுதவில்லை. டிவியில் நான்கு நிபுணர்கள் உட்கார்ந்து மூன்று நாள் அலசினார்கள். அருவி என்றால் நயாகரா, நயாகராவுக்குப் பக்கத்து ஊர் பஃபலோ, ஆகவே லமாண்ட் பஃபலோ அணிக்குப் போகத் துடிக்கிறான் என்று முடிவானது. எங்கள் ஊர் ஜனங்களுக்குக் கோபம் வந்து, ஏரிக்கரையில் அவன் பெயர் போட்ட பனியன்களைக் கொளுத்தினார்கள். நல்ல பருத்தித் துணி, எனக்கு வயிறு எரிந்தது.

ஏழாவது கூட்டத்துக்குச் சாட்சியாக என்னைக் கூப்பிட்டார்கள். மேனேஜர் ஹால்வர்சன் நடுவில். பக்கத்தில் புள்ளிவிவரப் பிரிவின் தலைவர் ப்ரைஸ், முப்பது வயசு, மடியில் மூன்று கம்ப்யூட்டர்.

"வெளியூர்ல முப்பத்தொரு பாயிண்ட் எடுக்கிறான். உள்ளூர்ல பத்தொம்பது" என்றார் ப்ரைஸ். "நம்ம ஊரைப் பாத்தாலே அவனுக்குப் பிடிக்கல."

"அவன்கிட்டயே கேட்டா என்ன சார்?" என்றேன்.

ஹால்வர்சன் சிரித்தார். "ஆர்லோ, கேட்டா நாம கவலைப்படுறோம்னு அவனுக்குத் தெரிஞ்சிடும். பேரம் பேசும்போது நம்ம கை தாழ்ந்துடும். நீ நான் கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லு. அவன் பனியனைக் கூடையில எப்படிப் போடுறான்?"

"கையாலதான் சார்."

"கோபமாவா?"

"ஈரமா இருக்கும் சார். பொத்துன்னு விழும்."

"பொத்துன்னு" என்று ப்ரைஸ் எழுதிக்கொண்டார்.

"வேற ஏதாவது சொல்லணுமா?" என்றார் ஹால்வர்சன்.

வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். "ஒண்ணுமில்ல சார்."

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை பகல் மூன்று மணியோடு ஆள் மாற்றும் கெடு முடிய இருந்தது. இரண்டு ஐம்பத்தெட்டுக்கு லமாண்டை பஃபலோவுக்குக் கொடுத்தார்கள். பதிலுக்கு ஐந்தடி பதினோரு அங்குல ஆட்டக்காரர் ஒருவரும், எட்டு வருஷம் கழித்துப் புது வீரரை முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமையும் கிடைத்தன. அந்தப் புது வீரர் இப்போது நான்காம் வகுப்பில் படிப்பார் என்று ப்ரைஸ் மதிப்பிட்டார். எதிர்காலம் பிரகாசமாக இருப்பதாக அறிக்கை வெளியானது.

லமாண்ட் என்னிடம் விடைபெற வந்தான். "நீங்க சொல்லிப் பாத்திருப்பீங்கண்ணே, எனக்குத் தெரியும்" என்று என் தோளைத் தட்டினான். அந்த இடம் இரண்டு நாள் உறுத்தியது.

மார்ச்சில் பஃபலோ இங்கே வந்து எங்களை நாற்பது பாயிண்ட் வித்தியாசத்தில் நொறுக்கியது. இந்தத் தெம்புக்கு என்ன காரணம் என்று நிருபர்கள் கேட்டார்கள்.

"அங்க நின்னுக்கிட்டே குளிக்கிறேன்" என்றான் லமாண்ட்.

இதன் உட்பொருளை ஆராய இங்கே புதிய குழு அமைந்திருக்கிறது.

இதற்கிடையில் லமாண்ட் போய்க் குட்டையானவர் வந்ததில் கட்டடத்தின் சராசரி உயரம் மயிரிழை குறைந்து, பின்னத்தை முழு அங்குலமாக்கும் விதிப்படி ஒரு படி கீழே இறங்கிவிட்டது. பழைய கணக்கில் அவன் விலக்கப்பட்டவனாயிற்றே என்று யாரும் கேட்கவில்லை. பிளம்பர் வந்து ஷவரை ஓரங்குலம் தாழ்த்திவிட்டுப் போனார். மறுபடி திருப்திப் படிவம் சுற்றுக்கு வந்தது. இந்த முறை இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் திருப்தி. கழக வரலாற்றில் முதல் முழு மதிப்பெண் என்று ஹால்வர்சன் கேக் வெட்டினார்.

அன்றைக்கு ஏன் வாயை மூடிக்கொண்டாய் என்று நீங்கள் கேட்கலாம். நான் ஐந்தடி நான்கு அங்குலம். ஆயுசு முழுக்க எட்டாத ஷவரை எக்கி எக்கித் திருப்பியவன். இங்கேதான் முதல் முதலாகக் குழாய் கைக்கு எட்டியது, தண்ணீர் உச்சந்தலையில் நேராக விழுந்தது. போனமுறை திருப்தி என்று டிக் அடித்த இருநூற்றுப் பதினோரு பேரில் நானும் ஒருவன்.

இப்போது ஓரங்குலம் தாழ்த்திய பிறகு இன்னும் சுகமாக இருக்கிறது.